செட்டியாரும் குணமதியாரும்

வெளியூர் நண்பர்கள் மதுரைக்கு வந்தால் அவர்களை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கோயில் மேல் விரோதம் எதுவும் கிடையாது. மாசி வீதிகளுக்குள் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வீட்டுத் திண்ணை மாதிரி. திண்ணையை யாரும் விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுவதில்லை. போன மார்கழியில் வந்த கவிஞர் நண்பர், காப்பி குடித்து முடிப்பதற்குள்ளாகவே, "டூரிஸ்ட் எவனும் வராத இடமாப் பார்த்துக் கூட்டிப் போங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் உச்சரித்த விதத்தில், தான் அந்த ஜாதியில் சேர்த்தி இல்லை என்ற நிம்மதி தெரிந்தது. எனக்கும் அதே நிம்மதி வெகுகாலம் இருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், முதலில் பாறைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் அரை மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், வயதான ஆலமரங்கள், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் வெயிலில் யானை முதுகு மாதிரி எழும் சமணர் மலை. மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலில் பாறையோடு பாறையாக, மேலே முக்குடையும் பக்கத்தில் சாமரம் வீசுகிறவர்களுமாகப் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். ஊர் ஜனங்களுக்கு அவர் செட்டியார். நீண்ட காதும், நிறைந்த உடம்பும், சம்மணமிட்டு உட்கார்ந்த தோரணையும் கடை கல்லாவில் இருக்கும் ஒரு பெரிய மனிதரை நினைவூட்டியிருக்க வேண்டும். குகைக்குள் குனிந்து போனால் மேல்வளைவில் சிறிய உருவங்கள். அதில் ஒன்று, சிங்கத்தின் மேல் ஏறி யானை மேலிருப்பவனோடு போரிடும் இயக்கி. தீர்த்தங்கரர்களின் அசைவற்ற வரிசைக்கு நடுவில் அந்த ஒரு பெண் மட்டும் அசைகிறாள். சிற்பிக்கும் கொஞ்சம் கை விட்டுப் போயிருக்கிறது, சந்தோஷமாகச் செய்திருக்கிறான்.

மகாவீரருக்குக் கீழே வட்டெழுத்து. வட்டெழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. நான் படித்தது ஆங்கில இலக்கியம். மூன்று வருஷம் ஆங்கிலக் கவிஞர்கள் இடிந்த மடாலயங்களைப் பார்த்து உருகியதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். பரீட்சை எழுதிய கையோடு பத்து மைல் தள்ளி இருந்த இடிந்த பள்ளியைப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு எட்டு வருஷம் ஆயிற்று. இதில் என் கல்லூரிக்கு எவ்வளவு பங்கு, என் சோம்பலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அய்யனார் கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம். பேச்சி என்ற பெண் தெய்வத்தின் பெயரால் ஜனங்கள் அந்த இடத்தை வைத்துக்கொண்டார்கள். சுனை ஒன்று. அதன் மேல் பாறைச் சரிவில் எட்டு உருவங்கள் ஒரே வரிசையில்: பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர். காலம் 9, 10 ஆம் நூற்றாண்டு. உருவங்களின் கீழே இன்னார் செய்வித்தது என்று பெயர். அதில் ஒரு பெயர் குணமதியார். அச்சணந்தியின் தாயார்.

அச்சணந்தி யார் என்று நம் வட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. பாண்டி நாட்டு மலைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் அது. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், ஐவர்மலை என்று எங்கே சமணத் திருமேனி இருக்கிறதோ அங்கே பெரும்பாலும் இந்தத் துறவியின் பெயரும் இருக்கிறது. ஒரு மனிதர் மலை மலையாக நடந்து உருவங்களைச் செதுக்க வைத்திருக்கிறார். துறவு என்றால் முதலில் துறப்பது தாயை. பெற்றவள் என்ற உறவு முறிந்துதான் அவர் அச்சணந்தி ஆனார். அப்படியிருக்க, அந்தத் தாய் தன் பங்குக்கு ஒரு திருமேனி செய்வித்து, அதன் கீழே தன்னை இன்னாருடைய தாயார் என்றே பொறித்துக்கொள்கிறாள். தன் புருஷன் பெயரையோ ஊரையோ அல்ல. சந்நியாசிக்குத் தாய் கிடையாது என்பது சாஸ்திரம். உண்டு என்பது பேச்சிப்பள்ளத்தின் பாறை. ஒரு வரிதான். அதற்கு மேல் அவளைப் பற்றி எந்த ஏட்டிலும் எதுவும் கிடையாது. நம்முடைய நாவலாசிரியர்கள் முந்நூறு பக்கத்தில் தேடிக் கிடைக்காத ஒன்று இந்த வரியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதைச் சொன்னால் உடனே ஒருவர் குணமதியாரை வைத்துச் சரித்திர நாவல் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சம்பந்தர் 7 ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்து பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்து, அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் சமணர்களை வென்றார். தோற்ற எண்ணாயிரம் பேரும் கழுவேறினார்கள் என்பது கதை. சமணரைப் பதிகத்துக்குப் பதிகம் ஏசிய சம்பந்தரே தம் பாட்டில் கழுவைச் சொல்லவில்லை. அது விரிவாக வருவது 12 ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம். நீலகண்ட சாஸ்திரி இதை ஒரு கட்டுக்கதைக்கு மேல் மதிக்கவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இந்தக் கதை தேவைப்படுகிறது. ஒரு கட்சிக்கு அது வெற்றி. மற்ற கட்சிக்கு அது குற்றப்பத்திரிகை. இரண்டு பேருமே எண்ணாயிரத்தில் ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

அப்படி வேரோடு பிடுங்கப்பட்டிருந்தால், இருநூறு வருஷம் கழித்து, அதே மதுரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மலையில், ஒரு தாய் தன் பெயரைப் பொறித்து மகனுடைய மதத்தின் திருமேனியை எப்படிச் செய்வித்தாள்?

ஆனைமலை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. மேலூர் சாலையில், ஒத்தக்கடையில் இறங்கினால் யானை படுத்த மாதிரி இருக்கும் மலை. அதன் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி அதைக் குடையத் தொடங்கினான்; முடியும் முன்னே இறந்து போனான்; தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர் தெளித்தான். இது 770 இல். கொஞ்சம் தள்ளி லாடன் கோயில் என்று ஒரு முருகன் குடைவரை, அதே காலத்தியது. இவை வந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அதே மலையின் மேல், அச்சணந்தியும் மற்றவர்களும் சமண உருவங்களைச் செய்விக்கிறார்கள். அவற்றை இன்னார் காவலில் ஒப்படைக்கிறோம் என்று கல்லில் எழுதுகிறார்கள். பழைய சாயத்தின் மிச்சம் இன்னும் அந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருமாள் கீழே, தீர்த்தங்கரர் மேலே, நடுவில் குரங்குகள்.

சண்டையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாறை சொல்லாததை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வதும் ஒரு மூடத்தனம். நடந்தது வேறு விதம் என்றுதான் நினைக்கிறேன். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே போய்ப் பாருங்கள். இந்த மலையின் பெயரைச் சொன்னாலே ஆட்கள் இப்போது பக்கம் பிரிந்து நின்றுவிடுகிறார்கள். நான் சொல்வது கூட்டம் திரும்பியும் பார்க்காத தெற்குச் சரிவை. அங்கே உமையாண்டார் கோயில் என்ற குடைவரை இருக்கிறது. சமணர் குகையாக இருந்தது. 13 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில், சிவன் கோயிலாக மாற்றப்பட்டது. அருகன் இருந்த பாறையில் இன்று அர்த்தநாரி நிற்கிறார். கழுமரம் வேண்டியிருக்கவில்லை. உளி போதும், அதுவும் அவசரமில்லாத உளி. ஆதரித்த வணிகன் வேறு கோயிலுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறான், துறவிகள் வருவது குறைகிறது, சுனையில் பாசி பிடிக்கிறது, பிறகு ஒரு நாள் யாரோ வந்து அந்தப் பாறையை மறுபடி செதுக்குகிறார்கள். எண்ணாயிரம் பேரின் ரத்தத்தைவிட இது எனக்குப் பயமாக இருக்கிறது. ரத்தத்துக்குச் சாட்சியாவது இருக்கும்.

ஜனங்கள் செய்தது வேறு. மகாவீரரைச் செட்டியார் ஆக்கினார்கள். சுனைக்குப் பேச்சியைக் காவல் வைத்தார்கள். சமணரின் கற்படுக்கைகளை எல்லாம் பாண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மதுரையைச் சுற்றி எத்தனை பஞ்சபாண்டவர் படுக்கைகள்! பண்டிதர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் செட்டியார் என்று நினைத்ததால்தான் யாரும் மூக்கை உடைக்கவில்லை. பெயரைத் தப்பாக வைத்திருந்தார்கள், பொருளை வைத்திருந்தார்கள். சரியான பெயர் தெரிந்த நாம் என்ன வைத்திருந்தோம் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

மாங்குளத்துக்குப் போகும் வழி கஷ்டமானது. மீனாட்சிபுரத்தில் இருந்து கழுகுமலை என்ற குன்றில் ஏற வேண்டும். உச்சிக்கு அருகில் குகைத்தளங்கள், வழவழவென்று தேய்த்த படுக்கைகள், தலைமாட்டில் சற்று உயர்த்திய திண்டு. குகையின் நெற்றியில் எழுத்து. 1882 இல் ராபர்ட் சீவெல் இதைக் கண்டார். எழுத்து பிராமி என்று தெரிந்தது. மொழி என்னவென்று வெகுநாள் தெரியவில்லை. பிராகிருதம் என்று நினைத்துப் படித்தால் பொருள் வரவில்லை. 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ் என்றார். ற, ன, ள, ழ என்று பிராகிருதத்தில் இல்லாத ஒலிகளுக்குத் தனி எழுத்து இருப்பதைக் காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1960 களில் மறுபடி ஏறிப் படித்தபோது நெடுஞ்செழியன் பெயர் துலங்கியது. சங்கப் பாடலுக்குள் மட்டும் உலவிய ஒரு பெயர், கி.மு. 2 ஆம் நூற்றாண்டுப் பாறையில். கணிநந்தன் என்ற துறவிக்கு அந்த அரசனின் ஆட்கள் செய்து கொடுத்த இடம் அது. வேறொரு வரியில் வெள்ளறை என்ற ஊரின் நிகமம், அதாவது வணிகர் குழு, வருகிறது.

நம்முடைய மொழிக்கு எழுத்து வந்த விதத்தைப் பற்றிப் பெருமிதமாகப் பேசுகிறவர்கள் இங்கே ஒருமுறை ஏறுவது நல்லது. ஆரம்ப காலத் தமிழ் எழுத்தில் நமக்கு மிஞ்சியவற்றில் முக்கியமான ஒன்று பாட்டு இல்லை, பிரகடனம் இல்லை. ரசீது. வங்கி குமாஸ்தாவுக்கு உடனே புரிகிற விஷயம் இது. யார் கொடுத்தது, யாருக்கு, எந்த ஊர், என்ன உறவு, எதற்காக: ஐந்து பத்திகள். குணமதியாரின் வரியும் அதே ஐந்து பத்திக் கணக்குதான். பகல் முழுதும் நான் நிரப்பும் பத்திகளும் அவைதான். இதைச் சொன்னபோது கவிஞர் நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆதியில் பாட்டு இருந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இருந்திருக்கலாம். அது பாறையில் ஏறவில்லை.

கீழவளவைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம். அங்கேயும் பஞ்சபாண்டவர் மலை, அங்கேயும் படுக்கைகள், ஒரு தமிழ் பிராமி வரி. தொண்டியைச் சேர்ந்த ஒருவன் கொடுத்த பள்ளி என்கிறது. கிழக்குக் கடற்கரையின் தொண்டி. இந்த வரியில் ஒரு விசித்திரம்: எழுத்துகள் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. கொத்தன் மல்லாந்து படுத்து வெட்டினானா, ஓலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தானா, அவனுக்கு எழுத்தே தெரியாதா? எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கிறது. எழுதத் தெரியாதவன் கையால் எழுதப்பட்டும் இரண்டாயிரம் வருஷம் நின்றிருக்கிறது.

இனி என் விஷயம். 2011 இல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் வேலை மேலூர் வட்டாரத்தில் ஒரு கிளை. கிரானைட் குவாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம். கிளையில் பாதிக் கணக்குகள் குவாரியோடு சம்பந்தப்பட்டவை; டிப்பர் லாரிக்குக் கடன், மண் அள்ளும் இயந்திரத்துக்குக் கடன். கடனை அனுமதிப்பவன் நானல்ல, வவுச்சரைப் பதிகிறவன். பதிந்தேன். மத்தியான வேளையில் வெடிச் சத்தம் கேட்டால் கவுண்டர் கண்ணாடி லேசாக அதிரும். வரிசையில் நிற்பவர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் நானும் பார்ப்பதை விட்டேன். அந்த வருஷத்தில் ஒரு சிறு பத்திரிகையில் 'நவீன கவிதையில் இடம்' என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். அமைப்பியல், வெளி, படிமம் எல்லாம் அதில் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு இடம் லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது அதில் இல்லை.

2012 இல் முறைகேடுகள் வெளியே வந்தன. குவாரிகள் நின்றன. 2014 இல் உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது; அடுத்த வருஷம் அவர் அறிக்கை கொடுத்தார். மேலாளர் எங்கோ மாற்றலாகிப் போனார், கடன்கள் வாராக்கடன் பட்டியலில் ஏறின. நான் முதன்முதலாகப் பாண்டவர் மலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். கிளையில் இருந்து மிதிவண்டியில் போகக்கூடிய தூரம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அந்த ஒரு குன்று மிஞ்சியிருந்தது. சுற்றிலும் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்கள், பச்சைத் தண்ணீர், விற்பதற்கு எண் எழுதி அடுக்கி விட்டுப்போன கற்கள். அந்தப் பள்ளங்கள் இருந்த இடத்தில் என்ன குன்றுகள் இருந்தன, அவற்றில் படுக்கை இருந்ததா, எழுத்து இருந்ததா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. கற்களில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த எண்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். அவை மட்டும் எனக்கு நன்றாகப் படிக்க வந்தன.

கூட்டம் வராத இடம் என்ற ஆசையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான். கூட்டம் வராத இடத்துக்கு லாரி வருகிறது.

2010 இல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக ஆக்கப் போவதாகப் பேச்சு எழுந்தபோது அந்த ஊர் ஜனங்கள்தான் மறித்தார்கள். அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஆரம்பித்த பசுமை நடை மாதந்தோறும் நூற்றுக்கணக்கானவர்களை இந்த மலைகளுக்கு அழைத்துக்கொண்டு போனது. வெ. வேதாசலம் மாதிரி கல்வெட்டறிஞர்கள் பாறைக்கு முன்னால் நின்று படித்துக் காட்டினார்கள். குழந்தைகள், தாய்மார்கள், தலையில் தொப்பி, நடை முடிந்ததும் காலைப் பலகாரம். நான் அதைக் கேலி செய்தவர்களில் ஒருவன். இலக்கியக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தால் அதில் ஒரு தரம் இருக்கிறது என்று நம்பும் பழக்கம் நமக்கு. அந்தப் பழக்கத்தை மலைக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். தனியாகப் போய்த் தனியாகப் பரவசப்பட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். பரவசத்துக்குச் சாட்சி இருக்கக் கூடாது.

அரிட்டாபட்டி என் வாயை அடைத்தது. ஏழு குன்றுகளும் ஏரிகளுமாக இருக்கும் ஊர். கழிஞ்சமலையில் சமணர் படுக்கையும் தமிழ் பிராமியும். இன்னொரு பக்கத்தில் குடைவரைச் சிவன் கோயில். அதன் முகப்பில், தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக் கிடைக்கும் லகுலீசர், கையில் தண்டோடு. பாறை இடுக்குகளில் வல்லூறுகள். 2022 நவம்பரில் இதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அதே நிலத்தையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போனது வெளியே தெரிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் புறப்பட்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்றைக்குச் சாலையில் போனவர்கள் கோரிக்கைகளோடு கல்வெட்டையும் லகுலீசரையும் சேர்த்துச் சொன்னார்கள். கல்வெட்டுத் துறை அறிக்கைகளில் மட்டுமே பார்த்துப் பழகிய வார்த்தைகளை மண்வெட்டி பிடித்த கைக்காரர்கள் சொல்லிக் கேட்டேன். ஓரத்தில் நின்று கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தேன்.

நண்பரும் நானும் பேச்சிப்பள்ளத்திலிருந்து இறங்கும்போது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. படிக்கட்டில் ஆடு மேய்க்கும் கிழவி உட்கார்ந்திருந்தாள்.

"செட்டியாரைப் பாத்தீகளா தம்பி?"

"பாத்தோம் ஆத்தா. மேல அந்தம்மாவையும் பாத்தோம்."

"பேச்சியையா?"

நண்பர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர், "இதை எழுதிடாதீங்க, கூட்டம் வந்துடும்" என்றார். அவர் மேல் எனக்குப் பிரியம் அதிகம். இருந்தாலும் எழுதிவிட்டேன். பெரியார் நிலையத்தில் கீழக்குயில்குடி பஸ் அடிக்கடி கிடையாது. கேட்டு ஏற வேண்டும். குளக்கரைக் கடையில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், மேலே எதுவும் கிடைக்காது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும், உச்சியில் போனால் வெறும் பாறை. யாரோ இருவர் தங்கள் பெயரையும் ஒரு அம்பையும் கீறி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பாருங்கள்.